இந்திரோ மொன்டனெல்லி

இந்திரோ மொன்டனெல்லி (ஏப்ரல் 22, 1909 – ஜூலை 22, 2001) இத்தாலியப் பத்திரிகையாளரும் போர்ச் செய்தியாளரும் வரலாற்று நூலாசிரியரும் ஆவார். இருபதாம் நூற்றாண்டு இத்தாலிய இதழியலில் மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்தவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். ஸ்பெயின் உள்நாட்டுப் போர், பின்லாந்தின் குளிர்காலப் போர், 1956 ஆம் ஆண்டின் ஹங்கேரி எழுச்சி ஆகியவற்றைக் களத்திலிருந்து எழுதியவர். 1974 இல் மிலான் நகரில் இல் ஜொர்னாலே என்னும் தேசிய நாளிதழை நிறுவி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதன் ஆசிரியராக விளங்கினார். 1977 இல் தீவிர இடதுசாரி ஆயுதக்குழுவினரால் சுடப்பட்டார். நாளிதழின் உரிமையாளரான சில்வியோ பெர்லுஸ்கோனி அரசியலில் இறங்கியபோது, அவருக்காக எழுத மறுத்து, 1994 இல் தாம் நிறுவிய நாளிதழை விட்டே வெளியேறினார். எத்தியோப்பியாவில் படை அலுவலராக இருந்த காலத்தில் இவருடைய நடத்தையும், அங்கு நிகழ்ந்தவை பற்றிப் பின்னர் இவர் எழுதியவையும் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகியுள்ளன.

பிறப்பும் கல்வியும்

மொன்டனெல்லி இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள ஃபுச்செக்கியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை செஸ்டிலியோ மெய்யியல் ஆசிரியர். தாய் மதலேனா பருத்தி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கத்தோலிக்கப் புனிதர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கமுள்ள நாட்டில், தந்தை தம் மகனுக்கு இந்துக் கடவுளான இந்திரனின் பெயரைத் தழுவி இந்திரோ எனப் பெயரிட்டார். புளோரன்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று பட்டம் பெற்றார்.

முசோலினியின் பாசிச ஆட்சி நிலைபெற்றிருந்த காலத்தில் வளர்ந்த இவர், தம் தலைமுறையினர் பலரைப் போலவே இளமையில் அவ்வாட்சியை ஆதரித்தார். பத்திரிகைத் தொழிலின் அடிப்படைகளை வெளிநாடுகளில் கற்றார். பாரிஸ் நகரில் பாரி சுவார் நாளிதழிலும், பின்னர் அமெரிக்காவின் யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்திலும் பணியாற்றினார். ஓகையோ மாநிலத்துப் பால்காரருக்கும் விளங்கும்படி எழுத வேண்டும் என்று அந்த அமெரிக்க நிறுவனத்தில் தமக்குக் கற்பிக்கப்பட்டதாக இவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். நீண்ட வாக்கியங்களும் அணிநடையும் மலிந்திருந்த அக்கால இத்தாலிய இதழியலில் இவருடைய குறுகிய, தெளிவான நடை தனித்துத் தெரிந்ததற்கு இப்பயிற்சி ஒரு காரணமாகும்.

எத்தியோப்பியப் போர்

1935 இல் இத்தாலி எத்தியோப்பியாமீது படையெடுத்தபோது மொன்டனெல்லி தாமாக முன்வந்து படையில் சேர்ந்தார். அப்போது இத்தாலியக் குடியேற்ற நாடாக இருந்த எரித்திரியாவைச் சேர்ந்த வீரர்களைக் கொண்ட ஓர் அணிக்குத் தலைமை தாங்கினார். இவர் அங்குச் சென்றது செய்தியாளராக அன்று, படை அலுவலராகவே ஆகும். அவ்வனுபவங்களை வைத்து எழுதிய நூல் 1936 இல் வெளிவந்தது. அப்போர் இவருடைய வாழ்க்கையில் நீண்ட நிழலை வீழ்த்தியது. அது பற்றிய விவரங்கள் விமர்சனங்கள் என்னும் பகுதியில் தரப்பட்டுள்ளன.

போர்ச் செய்தியாளர்

ஸ்பெயின்

1937 இல் ரோம் நகரின் இல் மெஸ்ஸாஜெரோ நாளிதழுக்காக ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதச் சென்றார். அப்போரில் முசோலினி, தளபதி பிராங்கோவுக்கு உதவியாகப் படைகளை அனுப்பியிருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் சாந்தாண்டேர் நகரம் வீழ்ந்தது. இத்தாலியப் படைகளின் வீரத்துக்குக் கிடைத்த மாபெரும் வெற்றியாக இதனை ரோம் அரசு கொண்டாட விரும்பியது. மொன்டனெல்லியோ, பெரிய எதிர்ப்பு ஏதுமின்றி வெயிலை மட்டுமே பகையாகக் கொண்டு நடந்த நெடும்பயணமாக அதனை வருணித்து எழுதினார். இதனால் பத்திரிகையாளர் பதிவேட்டிலிருந்து இவருடைய பெயர் நீக்கப்பட்டது. பாசிசக் கட்சியிலிருந்தும் விலக்கப்பட்டார்.

எழுதும் உரிமையை இழந்த இவருக்கு, கல்வி அமைச்சராக இருந்த ஜுசெப்பே பொத்தாய் எஸ்தோனியாவில் ஒரு பணியை ஏற்பாடு செய்தார். தார்த்து பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழி கற்பித்ததோடு, தாலின் நகரில் இருந்த இத்தாலியப் பண்பாட்டு நிலையத்தையும் நடத்தினார். தண்டனையாக அமைந்த இவ்விடமாற்றமே வடக்கு ஐரோப்பாவை இவருக்கு அறிமுகப்படுத்தி, அடுத்த போரை எழுத இவரை ஆயத்தப்படுத்தியது.

பின்லாந்தும் நோர்வேயும்

இத்தாலி திரும்பியபின், மிலானிலிருந்து வெளிவந்த நாட்டின் முதன்மை நாளிதழான கொரியெரே டெல்லா செராவின் ஆசிரியர் ஆல்டோ பொரெல்லி இவரைப் பணியில் அமர்த்திக்கொண்டார். அரசியலைத் தொடாமல் பயணக் கட்டுரைகள் எழுதவேண்டும் என்பதே ஏற்பாடு. ஆனால் 1939 இல் இவர் சென்ற இடங்களிலெல்லாம் போர் மூண்டது.

நவம்பர் 30, 1939 அன்று சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கியது. மார்ச் 1940 வரை நீடித்த அப்போரில், பனியும் காடும் சூழ்ந்த நிலத்தில் சிறிய பின்லாந்துப் படை பல மடங்கு பெரிய படையை எதிர்த்து நின்றது. மொன்டனெல்லி அனுப்பிய செய்திக் கட்டுரைகளை இத்தாலிய மக்கள் ஆவலுடன் படித்தனர். இவருடைய பெயர் நாடு முழுவதும் பரவியது இக்காலத்திலேயே ஆகும். இத்தாலியின் நட்பு நாடான ஜெர்மனி அப்போது சோவியத் ஒன்றியத்துடன் உடன்பாடு கொண்டிருந்தது. எனவே பின்லாந்துக்குப் பரிவு காட்டிய இக்கட்டுரைகள் அரசுக்குச் சங்கடத்தையும் அளித்தன. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நோர்வேயை ஆக்கிரமித்தபோதும் இவர் அங்கிருந்து எழுதினார். இத்தாலி போரில் இறங்கிய பின்னர் பால்கன் பகுதியிலும் கிரேக்கத்திலும் பணியாற்றினார்.

சிறைவாசம்

1943 இல் முசோலினி வீழ்ந்து, வடக்கு இத்தாலி ஜெர்மானியர் வசமானது. பாசிச எதிர்ப்பு இயக்கமான நீதியும் விடுதலையும் என்னும் குழுவுடன் மொன்டனெல்லி தொடர்பு கொண்டார். 1944 பெப்ரவரியில் மனைவி மார்கரெத்துடன் ஜெர்மானியரால் கைது செய்யப்பட்டு, பின்னர் மிலானின் சான் விட்டோரே சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கிருந்து தப்பிச் சுவிட்சர்லாந்தை அடைந்தார். இத்தப்பித்தலுக்கு யார் யார் உதவினர் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

சிறையில் இவர் கண்ட ஒருவர் தளபதி டெல்லா ரோவெரே என்ற பெயரில் அடைக்கப்பட்டிருந்தார். உண்மையில் அவர் ஜொவான்னி பெர்த்தோனி என்னும் மோசடிக்காரர்; கைதிகளிடம் இரகசியங்களை அறிவதற்காக ஜெர்மானியர் அவரைப் பொய்ப் பெயரில் உள்ளே வைத்திருந்தனர். 1944 இல் ஃபோசோலி முகாமின் கைதிகளோடு அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏற்ற வேடத்தையே வாழ்ந்து, உண்மையான தளபதியைப் போல மாண்புடன் இறந்தவராக மொன்டனெல்லி அவரைச் சித்திரித்தார். இச்சித்திரத்தில் கற்பனை மிகுதி என்போரும் உளர். இக்கதையை ரொபேர்த்தோ ரொசெல்லினி, விட்டோரியோ டி சிக்காவை நாயகனாகக் கொண்டு திரைப்படமாக்கினார். அப்படம் 1959 இல் வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம் விருதை மற்றொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது.

ஹங்கேரி எழுச்சி

போருக்குப்பின் மொன்டனெல்லி மீண்டும் கொரியெரே டெல்லா செராவில் இணைந்தார். 1956 இல் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக எழுச்சி மூண்டபோது அங்கிருந்து செய்தி அனுப்பினார். அது பழைய செல்வந்தர்களின் எதிர்ப்புரட்சி என்று இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி கூறிவந்தது. வலதுசாரிகளோ அதனைக் கம்யூனிச எதிர்ப்புப் போராகக் காண விரும்பினர். தெருவில் போராடியவர்களுள் பலர் தொழிலாளர்களும் மாணவர்களும் சமவுடைமையில் நம்பிக்கை கொண்டவர்களுமே என்று இவர் எழுதினார். கம்யூனிச எதிர்ப்பாளராக அறியப்பட்ட ஒருவரிடமிருந்து இத்தகைய செய்தி வந்ததால் இரு தரப்பினரும் முகம் சுளித்தனர்.

வரலாற்று நூல்கள்

1950களின் பிற்பகுதி முதல் மொன்டனெல்லி பொதுமக்களுக்கான வரலாற்று நூல்களை எழுதலானார். ரோமின் வரலாறு (1957), கிரேக்கர்களின் வரலாறு (1959) ஆகியவற்றைத் தொடர்ந்து, முதலில் ரொபேர்த்தோ ஜெர்வாசோவுடனும் பின்னர் மாரியோ செர்வியுடனும் இணைந்து இத்தாலியின் வரலாற்றைப் பல தொகுதிகளாக 1997 வரை எழுதினார். கதை சொல்வது போன்ற நடையால் இவை பெருமளவில் விற்பனையாயின. நிகழ்வுகளை ஆளுமைகளின் இயல்புகளாகச் சுருக்குகின்றன என்றும், மூலச் சான்றுகளை ஆராய்வதில்லை என்றும் கல்விசார் வரலாற்றாளர்கள் குறை கூறினர்.

பத்திரிகை ஆசிரியர்

இல் ஜொர்னாலேயின் தோற்றம்

1970களின் தொடக்கத்தில் கொரியெரே டெல்லா செரா, உரிமையாளர் ஜூலியா மரியா கிரெஸ்பி, ஆசிரியர் பியெரோ ஒட்டோனே ஆகியோரின் கீழ் இடதுபுறம் சாயத் தொடங்கியது. இதனை வெளிப்படையாக எதிர்த்த மொன்டனெல்லி 1973 இல் அந்நாளிதழை விட்டு விலக நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 64. ஓய்வுபெறும் வயதில், உடன் வந்த பத்திரிகையாளர்களுடன் சேர்ந்து புதிய நாளிதழ் ஒன்றைத் தொடங்கினார். ஜூன் 25, 1974 அன்று இல் ஜொர்னாலே நுவோவோ (புதிய நாளிதழ்) என்ற பெயரில் முதல் இதழ் வெளிவந்தது. பின்னர் இது இல் ஜொர்னாலே என்றே வழங்கியது. பிரெஞ்சு அறிஞர் ரேமோன் ஆரோன், நாடகாசிரியர் இயொனெஸ்கோ போன்றோரும் இதில் எழுதினர்.

பணம் எங்கிருந்து வந்தாலும் எதை அச்சிடுவது என்பதை ஆசிரியர் குழுவே தீர்மானிக்கவேண்டும் என்பது இந்நாளிதழின் அடிப்படை ஏற்பாடாக இருந்தது. தொடக்கத்தில் மொன்டெடிசன் வேதித்தொழில் நிறுவனத்தின் ஆதரவு பெற்ற விளம்பர ஒப்பந்தம் நாளிதழைத் தாங்கியது. அது முடிவுக்கு வந்த நிலையில், கட்டடத் தொழிலதிபரான சில்வியோ பெர்லுஸ்கோனி 1977 இல் பங்குகளை வாங்கினார். சில ஆண்டுகளில் முதன்மைப் பங்குதாரரானார். உரிமையாளர் நாளிதழின் கருத்துகளில் தலையிடுவதில்லை என்ற உடன்பாடு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது.

1976 ஜூன் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி முதலிடம் பெறக்கூடும் என்ற எதிர்பார்ப்பு நிலவியது. ஊழல் மலிந்த கிறித்தவ சனநாயகக் கட்சியை மொன்டனெல்லி தொடர்ந்து சாடிவந்தவர். ஆயினும் மூக்கைப் பொத்திக்கொண்டாவது அக்கட்சிக்கே வாக்களிக்குமாறு வாசகர்களை வேண்டினார். இத்தாலிய அரசியலில் இன்றும் நினைவுகூரப்படும் வேண்டுகோள் இது. அத்தேர்தலில் கிறித்தவ சனநாயகக் கட்சி 38.7 விழுக்காடும் கம்யூனிஸ்ட் கட்சி 34.4 விழுக்காடும் வாக்குகள் பெற்றன.

துப்பாக்கிச் சூடு

1970களில் இத்தாலியில் வலதுசாரி, இடதுசாரி ஆயுதக்குழுக்களின் வன்முறை பெருகியிருந்தது. செம்படையணிகள் என்னும் தீவிர இடதுசாரிக் குழு 1977 இல் பத்திரிகையாளர்களைக் குறிவைக்கத் தொடங்கியது. ஜூன் 1 அன்று ஜெனோவா நகரில் ஒரு பத்திரிகையாளரும், ஜூன் 3 அன்று ரோமில் தொலைக்காட்சிச் செய்திப்பிரிவின் தலைவரும் சுடப்பட்டனர். இடைப்பட்ட ஜூன் 2 ஆம் நாள் காலை, மிலான் பூங்கா ஒன்றின் அருகே அலுவலகத்துக்கு நடந்து சென்றுகொண்டிருந்த மொன்டனெல்லி கால்களில் சுடப்பட்டார். கீழே விழக்கூடாது என்று பூங்காவின் கம்பி வேலியைப் பற்றிக்கொண்டு நின்றதாகப் பின்னர் கூறினார்.

மறுநாள் கொரியெரே டெல்லா செரா இச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டது. ஆனால் தலைப்பில் மொன்டனெல்லியின் பெயர் இடம்பெறவில்லை. அரை வாழ்நாள் தாம் உழைத்த நாளிதழின் இச்செயல் இதழியல் அறம் பற்றிய விவாதங்களில் இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதே ஆண்டு நவம்பரில் சுடப்பட்ட லா ஸ்தாம்பா நாளிதழின் துணை ஆசிரியர் கார்லோ கசலேஞ்ஞோ உயிரிழந்தார் என்பதிலிருந்து அக்காலத்தில் எழுதுவோர் எதிர்கொண்ட ஆபத்து விளங்கும். மொன்டனெல்லி குணமடைந்து பணிக்குத் திரும்பினார். பின்னாளில் தம்மைத் தாக்கியவர்களை மன்னித்தார்.

பெர்லுஸ்கோனியுடன் முரண்பாடு

1990 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் தேசியத் தொலைக்காட்சி அலைவரிசைகளின் உரிமையாளர் நாளிதழையும் வைத்திருப்பதைத் தடைசெய்தது. அதனால் பெர்லுஸ்கோனி இல் ஜொர்னாலேயைத் தம் தம்பி பாவ்லோவின் பெயருக்கு மாற்றினார். அடுத்த ஆண்டுகளில் ஊழல் வழக்குகளால் பழைய கட்சிகள் சரிந்தன. பெர்லுஸ்கோனி சொந்தக் கட்சி தொடங்க முற்பட்டார். நாளிதழ் தமக்குத் துணைநிற்கவேண்டும் என எதிர்பார்த்தார். இவர்கள் இருவரும் கம்யூனிச எதிர்ப்பில் ஒன்றுபட்டவர்களே. எனினும் உரிமையாளரே அரசியல் தலைவராகும்போது நாளிதழ் அவருடைய ஊதுகுழலாகிவிடும் என்பது மொன்டனெல்லியின் நிலைப்பாடு. இவர் பதவி விலகவேண்டும் என்று பெர்லுஸ்கோனியின் தொலைக்காட்சியிலேயே கோரிக்கை எழுந்தது. 1994 ஜனவரி 8 அன்று பெர்லுஸ்கோனி நேரடியாகவே நாளிதழ்ப் பணியாளர்களின் கூட்டத்துக்குச் சென்று பேசினார். சில நாட்களில் மொன்டனெல்லி ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே மாதம் 26 ஆம் நாள் பெர்லுஸ்கோனி தம் அரசியல் நுழைவை அறிவித்தார்.

லா வோச்சே

84 வயதில் மொன்டனெல்லி மீண்டும் ஒரு நாளிதழைத் தொடங்கினார். உடன் வெளியேறிய பத்திரிகையாளர்கள் பலருடன் சேர்ந்து 1994 மார்ச் 22 அன்று லா வோச்சே (குரல்) இதழை வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜுசெப்பே பிரெத்சோலினி நடத்திய இதழின் நினைவாக இப்பெயர் வைக்கப்பட்டது. முதல் நாளில் இலட்சக்கணக்கான படிகள் விற்றன. ஒரு வாரத்துக்குள் நடந்த தேர்தலில் பெர்லுஸ்கோனி வென்றார். இவருடைய பழைய வாசகர்களுள் பெரும்பாலோர் வலதுசாரிகள்; அவர்கள் பெர்லுஸ்கோனியை ஆதரித்தனர். இடதுசாரி வாசகர்களோ இவரைத் தம்மவராகக் கருதவில்லை. விற்பனை சரிந்து, 1995 ஏப்ரலில் லா வோச்சே நின்றுபோனது.

இறுதிக் காலம்

அதன்பின் மொன்டனெல்லி கொரியெரே டெல்லா செராவுக்குத் திரும்பினார். மொன்டனெல்லியின் அறை என்ற பத்தியில் வாசகர் கடிதங்களுக்கு விடை எழுதினார். 2001 தேர்தலின்போது, வாழ்நாள் முழுதும் வலதுசாரியாக இருந்த இவர் பெர்லுஸ்கோனியை எதிர்த்து வெளிப்படையாகப் பேசினார். பெர்லுஸ்கோனி வென்றார். இரண்டு மாதங்களுக்குப்பின், ஜூலை 22, 2001 அன்று மொன்டனெல்லி மிலானில் காலமானார். வாசகர்களிடம் விடைபெற்று இவர் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த சிறு குறிப்பை மறுநாள் கொரியெரே டெல்லா செரா முதற்பக்கத்தில் வெளியிட்டது. 24 ஆண்டுகளுக்கு முன் இவருடைய பெயரைத் தலைப்பில் தவிர்த்த அதே நாளிதழ் அது.

விமர்சனங்கள்

நச்சுவாயு விவாதம்

எத்தியோப்பியப் போரில் இத்தாலியப் படைகள் நச்சுவாயுவைப் பயன்படுத்தியதை வரலாற்றாசிரியர் ஆஞ்செலோ டெல் போக்கா ஆவணங்களுடன் எழுதிவந்தார். மொன்டனெல்லி இதனைப் பல ஆண்டுகள் மறுத்தார். தாம் அப்போரில் இருந்ததையும், அத்தகைய எதையும் காணாததையும் சான்றாகக் காட்டினார். 1996 இல் இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சர் நச்சுவாயு பயன்படுத்தப்பட்டதை நாடாளுமன்றத்துக்கு உறுதிப்படுத்தினார். அதன்பின் மொன்டனெல்லி தம் தவற்றை நாளிதழிலேயே ஒப்புக்கொண்டார். நேரில் கண்டதை எழுதிப் புகழ்பெற்ற ஒருவர், தாம் காணாததை நிகழாததாகக் கொண்டமை இவ்விவாதத்தின் மையமாகும்.

எரித்திரியச் சிறுமி

எத்தியோப்பியப் போரின்போது மொன்டனெல்லி ஓர் எரித்திரியச் சிறுமியை அவளுடைய தந்தையிடம் பணம் கொடுத்து மனைவி என்ற பெயரில் பெற்றுக்கொண்டார். அச்சிறுமிக்கு 12 வயது என்றும், வேறோரிடத்தில் 14 வயது என்றும் இவரே கூறியுள்ளார். 1969 இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதனை இயல்பான செய்திபோல விவரித்தபோது, எரித்திரியாவில் பிறந்த பத்திரிகையாளர் எல்வீரா பனோத்தி எழுந்து, ஐரோப்பாவில் இதே செயல் எவ்வாறு கருதப்படும் என்று வினவினார். அந்நாட்டு வழக்கம் அது என்பதே மொன்டனெல்லியின் விடை. 2000 இல் தம் பத்தியில் இதுபற்றி எழுதியபோதும் இவர் வருத்தம் தெரிவிக்கவில்லை.

வயோந்த் அணை

1963 அக்டோபர் 9 அன்று வடக்கு இத்தாலியின் வயோந்த் அணை நீர்த்தேக்கத்தில் மலைச்சரிவு விழுந்து எழுந்த பேரலையால் ஏறத்தாழ 2000 பேர் மாண்டனர். இதனை இயற்கைப் பேரழிவாகக் கருதிய மொன்டனெல்லி, அணையைக் கட்டியவர்களைக் குற்றஞ்சாட்டிய பத்திரிகையாளர்களைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஆபத்தை முன்பே எச்சரித்து எழுதியிருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சி நாளிதழின் செய்தியாளர் தீனா மெர்லின். பின்னர் நீதிமன்றம், பேரழிவு முன்னறியக்கூடியதாக இருந்தது எனக் கண்டு பொறுப்பானவர்களைத் தண்டித்தது.

விருதுகளும் நினைவுச் சின்னங்களும்

1991 இல் குடியரசுத் தலைவர் பிரான்செஸ்கோ கொசிகா வழங்க முன்வந்த வாழ்நாள் செனட்டர் பதவியை, அரசிடமிருந்து பத்திரிகையாளர் விலகி நிற்கவேண்டும் என்று கூறி மொன்டனெல்லி ஏற்க மறுத்தார். 1996 இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருதைப் பகிர்ந்துகொண்டார். 2000 இல் பன்னாட்டுப் பத்திரிகை நிறுவனம் இவரை உலகப் பத்திரிகைச் சுதந்திர வீரர்களுள் ஒருவராக அறிவித்தது. பிறந்த ஊரான ஃபுச்செக்கியோவில் இவர் பெயரில் ஓர் அறக்கட்டளை இயங்குகிறது.

இவர் சுடப்பட்ட இடத்தை ஒட்டிய மிலான் பூங்காவுக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டு, 2006 இல் சிலையும் நிறுவப்பட்டது. தொப்பி அணிந்து, மடியில் தட்டச்சுப்பொறியுடன் அமர்ந்திருக்கும் கோலத்தில் அச்சிலை உள்ளது. எரித்திரியச் சிறுமியின் நிகழ்வைச் சுட்டிக்காட்டி 2019 மார்ச்சிலும் 2020 ஜூனிலும் போராட்டக்காரர்கள் சிலையின்மீது வண்ணம் ஊற்றினர். சிலையை அகற்றவேண்டும் என்ற கோரிக்கையை மிலான் நகரத் தலைவர் ஏற்கவில்லை.

முக்கிய நூல்கள்

இருபதாம் எரித்திரியப் படையணி (1936)
பின்லாந்தின் நூறு நாட்கள் (1940)
ரோமின் வரலாறு (1957)
கிரேக்கர்களின் வரலாறு (1959)
தளபதி டெல்லா ரோவெரே (1959)
இத்தாலியின் வரலாறு (பல தொகுதிகள், 1997 வரை, ஜெர்வாசோ, செர்வி ஆகியோருடன்)